சொன்னதை எழுதுகிறவள்

நாற்று ஏற்றும் நேரம்தான் செந்தாமரைக்குச் செல்போன் பேசும் நேரம். குத்தாலத்துக்குத் தெற்கே, சம்பாவுக்குச் சேறடித்துச் சமப்படுத்திய வயலின் வரப்போரமாக நடவு இயந்திரத்தை நிறுத்துவாள். குழுப் பெண்கள் இரண்டு பேர் தட்டுகளிலிருந்து நாற்றைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி எடுத்து இயந்திரத்தில் அடுக்குவார்கள். அதற்குள் அவள் தலையில் கட்டிய துண்டிலிருந்து செல்போனை உருவி, சேறு படாத சுண்டுவிரலால் தட்டிக் காதில் வைத்துக்கொள்வாள்.

"சொல்லும்மா. நாலு நிமிஷம் இருக்கு எனக்கு."

இன்று பேசுவது கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பெண். சி.ஏ. தேர்வுக்கு இன்னும் பதினொரு நாள். தணிக்கைப் பாடம் பாதிகூட முடியவில்லை, இந்த முறை எழுதாமல் விட்டுவிடலாமா என்று கேட்கும்போதே குரல் உடைகிறது.

"அழுவணும்னா அழுதுரு. நா இருக்கேன்." கொஞ்ச நேரம் காத்திருக்கிறாள். "ஆச்சா? இப்பக் கேளு. பாதி படிச்சிருக்கேல்ல, அந்தப் பாதியக் கெட்டியாக்கு. படிக்காததுல தெனம் ஒண்ணே ஒண்ணு எடு, போதும். பரீட்சைக்குப் போவாம இருந்தா மட்டும் அது ஒன்ன விட்ருமா? நாலு மாசம் கழிச்சு இதே புஸ்தகத்த வச்சுக்கிட்டு இதே அழுவதான் அழுவே. போயி ஒக்காரு."

செல்போன் துண்டுக்குள் போகிறது. இயந்திரம் உறுமி, எட்டு வரிசை பச்சையை ஊன்றிக்கொண்டே நகர்கிறது.

இவ்வளவு அடித்துச் சொல்கிறவள் எத்தனை சி.ஏ. தேர்வில் தேறியிருப்பாள் என்று கேட்டால், ஒன்றில்கூட இல்லை. முப்பத்துநான்கு வயது. குத்தாலம் அரசுப் பள்ளியில் வரலாற்றுப் பிரிவில் பிளஸ் டூ. அதற்கு மேல் கல்யாணம், களை எடுப்பு, மகளிர் குழு, குழு வாங்கிய இயந்திரம். ஆனால் பதினெட்டு முறை அந்தத் தேர்வு அறைக்குள் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு தாளும் நான்கு மணி நேரம். எழுதியதெல்லாம் அவள் கை. அதில் ஒரு வரியும் அவளுடையது அல்ல.

எதிர்வீட்டுக் கயல்விழிக்காக எழுதினாள். கயலுக்குச் சின்ன வயதிலிருந்தே பொழுது சாய்ந்தால் கண் மங்கும். பி.காம். மூன்றாம் ஆண்டில் பகலிலும் மங்கி, இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரியும். ஆடிட்டர் ஆவது என்ற முடிவில் மட்டும் அவள் மங்கவில்லை. பாடத்தைச் செல்போன் வாசிக்க, கேட்டே படித்தாள். தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வணிகவியல் படித்தவராகவோ படிக்கிறவராகவோ இருக்கக் கூடாது என்பது விதி. கயலின் தோழிகள் எல்லோரும் பி.காம். அவளுடைய அப்பா மருதையன், மூன்று ஏக்கர் குத்தகை நிலத்துக்காரர், ஒருநாள் தெருவைத் தாண்டி வந்தார்.

"குழுக் கூட்டத்துக்கு நீ எழுதுற மினிட் நோட்ட பாத்தேன் ஆயி. ஒன் எழுத்து அச்சு கோத்த மாதிரி இருக்கு. எம் பொண்ணுக்கு வந்து எழுதிக் குடுக்குறியா?"

"எனக்கு ஒரு எழவும் தெரியாதே மாமா!"

"தெரியாத ஆளுதான் வேணுமாம்."

முதல் தேர்வில் அவளுக்கு டெபிட் என்றால் இடதுபக்கம், கிரெடிட் என்றால் வலதுபக்கம். அவ்வளவே. அடிக்கோல் வைத்துக் கட்டம் போடுவதிலேயே பாதி உயிர் போயிற்று. ஆனால் மற்றவர்கள் பார்க்காததை அவள் பார்த்தாள். மற்ற எல்லோரும் தத்தம் தாளில் முகம் புதைத்திருக்க, கயல் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் அறை முழுவதையும் பார்க்க முடிந்தவள் அவள் ஒருத்திதான். யார் எப்போது தண்ணீர் குடிக்கிறார்கள், யார் ஒரே கேள்வியில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொள்கிறார்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் யார் கை நடுங்குகிறது என்பதெல்லாம் அவள் கண்ணில் பட்டது. படிக்காததால் தோற்கிறவர்களைவிட, மாட்டிக்கொண்ட கேள்வியை விடமுடியாமல் தோற்கிறவர்கள் அதிகம் என்று அவளுக்குத் தோன்றியது.

அங்கிருந்து பிறந்தவைதான் அவளுடைய சட்டங்கள். கயலுக்கு நான்கு மணி நேரம் என்பதால் பத்து மதிப்பெண் கேள்விக்கு இருபத்துநான்கு நிமிடம். அது முடிந்தால், விடை பாதியில் நின்றாலும், "வரப்பு வந்துருச்சு, திரும்பு" என்று பயிற்சியின்போது மேசையைத் தட்டுவாள். கயல் கத்துவாள். "இன்னும் ரெண்டே வரிக்கா!" "ரெண்டு வரின்னுதான் எல்லாரும் சொல்றாவொ. அந்த ரெண்டு வரியிலதான் அடுத்த கேள்விய முழுங்குறாவொ. திரும்பு."

இயந்திரத்தின் அதிர்வு கையில் இரண்டு நாள் நிற்கும். எழுத்து கோணும். அதனால் தேர்வுக்கு மூன்று நாள் முன்பே இறங்கிவிடுவாள். சம்பா நடவு உச்சத்தில் மூன்று நாள் கூலி போவது சின்ன விஷயமல்ல. வெந்நீரில் கல்லுப்புப் போட்டு வலக்கையை ஊற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த நாட்களில் குழம்புச் சட்டியை இறக்குவதுகூட அவள் வீட்டுக்காரர் கண்ணுசாமிதான். யாராவது கேட்டால், "எங்க வூட்டம்மா கைக்கு லீவு" என்பார்.

சி.ஏ. இடைநிலைத் தேர்வில் தொகுதிக்கு மூன்று தாளாக இரண்டு தொகுதி; மூன்று முயற்சியில் கயல் முதல் தொகுதியைத் தாண்டினாள். இரண்டாம் தொகுதி பிடிகொடுக்கவில்லை. ஒருமுறை பதினொரு மதிப்பெண், அடுத்த முறை நாலு மதிப்பெண் குறைந்தது. இதற்கிடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. மத்தியானப் பயிற்சிகளில் நாற்பது தடவை, ஐம்பது தடவை ஒரே மாதிரிக் கணக்குகளை எழுதி எழுதி, அவை செந்தாமரைக்குள் இறங்கிவிட்டன. குழுக் கூட்டத்தில் ஒருநாள் எழுந்து, இயந்திரம் வருஷத்துக்கு எத்தனை ஏக்கர் நட்டால் கையைக் கடிக்காது என்று பலகையில் போட்டுக் காட்டினாள். இந்த ஊரை மட்டும் நம்பினால் கடிக்கும், திருப்பனந்தாள் பக்கமும் வண்டியை அனுப்ப வேண்டும் என்றாள். கணக்கு சரியாக இருந்தது. அதை எங்கே கற்றாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

இரண்டாம் தொகுதியில் மூன்றாம் முயற்சி, செப்டம்பரில் அடக்கவிலைத் தாள். கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்து அறை. நேரம் முடிய எட்டு நிமிடம் இருந்தபோது கடைசிக் கேள்வி. லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் எத்தனை பொருள் விற்க வேண்டும்? மாறாத செலவு நாலு லட்சத்து இருபதாயிரம். ஒரு பொருளின் விலை எண்பது, அதற்கு ஆகும் செலவு ஐம்பத்திரண்டு. மிச்சமாகும் இருபத்தெட்டால் வகுக்க வேண்டும். அவசரத்தில் கயல், "எண்பதால வகு. ஐயாயிரத்து இருநூத்து ஐம்பது" என்றாள்.

செந்தாமரையின் பேனா நின்றது. பதினைந்தாயிரம். அந்த எண் அவள் கண்முன் எழுதிவைத்தாற்போல் நின்றது. பக்கத்து நாற்காலியில் மேற்பார்வையாளர். அவர் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன் என்று தேர்வுக்கு முன் அவள் கையெழுத்திட்டிருந்தாள். கயல் கேட்டாள்: "எழுதியாச்சாக்கா?"

ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது என்று எழுதினாள். "ஆச்சு" என்றாள்.

திரும்பும் பேருந்து ஆடுதுறையை நெருங்கும்போது செந்தாமரை சொன்னாள்.

"கயலு. அந்தக் கடைசிக் கேள்வி. எண்பதால வகுக்கச் சொன்னே."

கயல் திகைத்துத் திரும்பினாள். "ஐயோ. இருபத்தெட்டு."

"ஆமா. பாஞ்சாயிரம் வரணும்."

"ஒனக்கு அப்பவே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா எழுதினே?"

"நீ சொன்னத எழுதத்தான நா வந்தேன்."

கயல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காற்று அடித்தது. குத்தாலத்தில் இறங்கும்போது செந்தாமரையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், எப்போதும்போல.

நவம்பரில் முடிவு வந்தது. தேற நூற்றைம்பது வேண்டும். நூற்று நாற்பத்தெட்டு.

இரண்டு மதிப்பெண். மருதையன் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். கயல் அழவில்லை. "ஜனவரிக்குப் பணம் கட்டிடுறேன்க்கா. இந்தத் தடவ தாண்டிரலாம்" என்றாள்.

"நா வரல கயலு."

கயலுக்கு முதலில் புரியவில்லை.

"போன தடவ எங் கை ஒம் பேச்சக் கேட்டுச்சு. இன்னொரு தடவ கேக்காது. நீ தப்பாச் சொன்னா நா திருத்திப்புடுவேன். திருத்திட்டா அது ஒம் பரீட்ச இல்ல. யாருக்கும் தெரியாட்டியும் நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். நாளைக்கு நீ ஆடிட்டரா ஒக்காந்து ஊரான் கணக்குல கையெழுத்துப் போடணும். அப்ப இது ஒன்ன உறுத்தும்."

"ரெண்டு மார்க்குல நிக்கிறேன். இப்பப் போயி கைய வுடுறியே!"

"வுடல. ஆனா பேனாவ எடுக்க மாட்டேன்."

நான்கு நாள் எதிரெதிர் வீடுகளுக்குள் பேச்சில்லை. செய்தது சரிதான் என்று செந்தாமரைக்குத் தெரிந்தும், சரியாக இருப்பதில் ஒரு சுகமும் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் கயல் கோலைத் தட்டிக்கொண்டு தனியாகவே தெருவைத் தாண்டி வந்து வாசலில் நின்றாள்.

"நீ சொன்னது சரிதாங்க்கா. ஆனா சும்மா வுடமாட்டேன். ரெண்டு காரியம் செய்யணும் நீ. புதுசா எழுத வர்றவங்கள நீதான் தயார் பண்ணணும். அப்பறம், தபால்ல பி.காம் சேரணும்."

"எனக்கா? முப்பத்திமூணு வயசு ஆவுது!"

"வயசையா கேக்குறாங்க? கணக்கு தெரியுமான்னுதான் கேப்பாங்க. ஒனக்குத் தெரியுது. அத எத்தன நாளைக்கு அடுத்தவ தாளுலயே எழுதிக்கிட்டு இருப்பே?"

விண்ணப்பத்தைக் கயலே செல்போனில் நிரப்பினாள். செந்தாமரை அதில் தன் பெயரைச் சொல்ல, அன்று கயல்தான் எழுதினாள். சேர்ந்துவிட்டால் இனி எந்தக் காலத்திலும் கயலுக்காகத் தேர்வறைக்குள் போக முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

பக்கத்து ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் ஞானாம்பாள் எழுத ஒப்புக்கொண்டாள். குண்டு குண்டான எழுத்து, ஆனால் வேகம் போதாது. செந்தாமரை அவளை ஞாயிறுதோறும் நான்கு மணி நேரம் எழும்பவிடாமல் உட்கார வைத்தாள். "கொட்டாவி வந்தா வுட்டுக்கங்க. பேனாவ மட்டும் கீழ வைக்காதீங்க. அவ ஏதாச்சும் சொல்றது ஒங்களுக்கு வேடிக்கையாத் தெரிஞ்சாலும் மொகத்துல காட்டாதீங்க. ஒங்க மூச்சு மாறினாலே அவளுக்குத் தெரிஞ்சுரும்." ஜனவரியில் மூன்று தாளுக்கும் அவர்களோடு கும்பகோணம் போனாள். இருவரும் உள்ளே போக, வெளிவாசல் கம்பிக்கு இந்தப்பக்கம் நின்றாள். வாய்தாவுக்கு வந்தவள்போல் நிற்காமல் எங்காவது உட்காரும்படி காவலாளி சொன்னார். அவள் கேட்கவில்லை.

மார்ச்சில், உளுந்து பறித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது.

"அக்கா! நூத்தி அறுபத்தொண்ணு!"

"அடக்கவிலையில எவ்வளவு?"

"அறுபத்திமூணு."

"அத மொதல்ல சொல்லு!" என்று அதட்டியவள், உளுந்துச் செடிகளுக்கு நடுவே அப்படியே குந்திவிட்டாள். சத்தம் வராமல் அழுது, முந்தானையால் துடைத்துக்கொண்டு, விட்ட வரிசையிலிருந்து பறிக்க ஆரம்பித்தாள்.

கயல் இப்போது கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டரிடம் பயிற்சிக்குப் போகிறாள். கூடத் தேர்வு எழுதுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் சொல்லிவைத்த சொல் பரவி, பார்வை இல்லாதவர்களும் உள்ளவர்களுமாக முப்பது பேருக்குமேல் செந்தாமரையைக் கூப்பிடுகிறார்கள். 'எழுதுற அக்கா' என்று பெயர். பாடத்தில் சந்தேகம் கேட்டால் கயலிடம் அனுப்பிவிடுவாள். பயந்துபோனவர்களை மட்டும் தானே வைத்துக்கொள்வாள்.

போன ஜூனில், மயிலாடுதுறையில் ஒரு கல்லூரி அறையில், பி.காம். முதலாண்டுக் கணக்குப் பதிவியல் தாள். கேள்வித்தாளை வாங்கி முழுவதும் படித்தாள். எல்லாம் தெரிந்தவை. பேனாவைத் திறந்து தாளில் வைத்தாள். கை நகரவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. அறையில் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தலையைச் சற்று இடப்புறம் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். எதற்காக அப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாள்.

உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "கேள்வி ஒண்ணு," என்று மெல்லச் சொன்னாள், "தலைப்பு எழுது." கை உடனே எழுதியது.

இரண்டாம் பக்கம் புரளும்போது மேற்பார்வை பார்த்த அம்மாள் அருகில் வந்தார். "பேசாம எழுதுங்கம்மா. மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு."

"சரிங்க" என்றாள். இடக்கையை எடுத்து வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்குள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. வலக்கை அச்சுக் கோத்தாற்போல எழுதிக்கொண்டே போனது.