பீடிக்கு நிற்கிறது

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்துத் தேயிலை மலையில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் அச்செழுத்தை வாசிக்கத் தெரிந்தவளும் நான் ஒருத்திதான். அந்த மிதப்பில், அய்யாவின் பீடியை என் படிப்பே நிறுத்திவிடும் என்று நம்பினேன்.

அவர் நெஞ்சு கெட்டுக்கொண்டு வந்தது. ஏற்றத்தில் நாலு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். பீடியை விடாவிட்டால் அதிக நாள் தாங்காது என்று டிஸ்பென்சரி கம்பவுண்டர் சொல்லிவிட்டார். புகையிலையின் தீமைகளைப் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். "நல்லா வாசிக்கியே தாயி" என்று சொல்லிவிட்டு இருமினார். அம்மா முருகன் பேரில் சத்தியம் வாங்கினாள். அந்தச் சத்தியம் இரண்டு நாள்தான் நிலைத்தது. கடைசியில் ஒரு காலையில், அவருடைய பீடிக்கட்டை எடுத்து ஓடையில் எறிந்தேன்.

அன்று மத்தியானம் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். காட்டில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. தேயிலைச் செடிகளைத் தாழ வெட்டும் வேலை அது. காலையில் குனிந்தவர்கள் கத்தியோடு அப்படியே நகர வேண்டும். அய்யா இருமல் தாங்காமல் நிமிர்ந்தார்.

"ஏலே, வானத்துல என்னத்தப் பாக்க? குனில!" என்றார் கங்காணி.

பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர் காதிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்து நிமிர்ந்தார். கங்காணி ஒன்றும் சொல்லவில்லை. அங்கே அதற்குப் 'பீடிக்கு நிற்கிறது' என்று பேர். பீடி எரியும் மட்டும் ஓர் ஆள் நிற்கலாம். வெறுமனே நின்றால் சோம்பேறி. அய்யா குனிந்தபடியே இருமினார். பிறகு பக்கத்துக்காரரிடம் கை நீட்டி ஒன்று வாங்கிப் பற்றவைத்தார். அப்போதுதான் அவர் முதுகு நிமிர்ந்தது. ஓடையில் நான் எறிந்தது எதை என்று எனக்குப் புரிந்தது.

நேரே கங்காணியிடம் போனேன்.

"எங்க அய்யா பீடி இல்லாமலே கொஞ்சம் நிக்கட்டும்யா."

"ஏளா, நாலெழுத்து படிச்சதும் எனக்கே சட்டம் சொல்லுதியோ? பொகை வந்தா நிக்கட்டும், வராட்டி குனியட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துக்காரர் மட்டும் அய்யாவிடம் மெல்லச் சொன்னார்: "நான் நிக்கையில நீரும் நில்லும்வே. பத்த வைக்காத பீடி ஒண்ணு வாயில இருக்கட்டும். எவன் பொகைன்னு அவன் வந்து மோந்தா பாக்கப் போறான்?"

மறுநாளிலிருந்து அப்படியே செய்தார். முதல் வாரம் வீட்டில் எங்கள் மேல் எரிந்து விழுந்தார். பல்லில் கடித்த பீடி நைந்துபோனால் வேறொன்றை வைத்துக்கொண்டார். புகை முகத்தில் படாதபடி காற்றைப் பார்த்து அவரை நிறுத்துவார் பக்கத்துக்காரர். ஒரு மாதம் போனபின் பற்றவைக்கும் எண்ணமே வரவில்லை என்றார். என் வாசிப்பால் ஆகாதது ஒரு கவாத்துக்காரரால் ஆயிற்று என்பது எனக்குக் கொஞ்சம் கசக்கத்தான் செய்தது.

மழை பிடித்ததும் அய்யா படுத்துவிட்டார். பார்க்க வந்த ஒருவர் ஆசையாக ஒரு பீடியை நீட்டினார்.

"இங்க எனக்கு எதுக்குவே? இங்க யாரு குனியச் சொல்லுதா?" என்று கையைத் தள்ளினார்.

ஆடி முடியும் முன்னே போய்விட்டார். இரண்டு வருஷம் முந்தியே விட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்றார் கம்பவுண்டர். அன்று கஞ்சி கொண்டுபோகும்வரை, அந்த இரண்டு வருஷத்தில் நான் ஒரு நாள்கூடக் கவாத்துக் காட்டை எட்டிப் பார்த்ததில்லை.