வெர்னா வாயை மூடிக்கொண்ட குளிர்காலம்

வெர்னா ஹில்டெப்ராண்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவள் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். கனடாவில் பிராண்டன் ஊரில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் பள்ளியில் நானும் அவளும் பதினெட்டு வருஷம் அடுத்தடுத்த அறைகளில் வேலை பார்த்தோம். நடுவில் இருந்தது பேருக்கு ஒரு தடுப்பு. என் வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிற்பேன். அவள் வகுப்புக் கேள்விக்கு அவளே சொன்ன விடை தடுப்பைத் தாண்டி வந்து விழும். என் மாணவர்கள் அதையும் நல்ல பிள்ளைகளாக எழுதிக்கொள்வார்கள்.

கெட்டவள் இல்லை. மைனஸ் முப்பது குளிரில் மெல்லிய ஜாக்கெட்டோடு வந்து நிற்கும் புது மாணவனுக்குத் தன் செலவில் கோட்டு வாங்கித் தருவாள். பிரசவ வலி வந்த மாணவியைத் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஆனால் யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் மீதியை அவள் முடித்துவிடுவாள். முடித்ததோடு விடாமல் திருத்தவும் செய்வாள். சர்ச் விருந்தின் அறிவிப்பைப் பேனாவால் திருத்துவாள். என் புருஷன் ஹார்வி செத்தபோது எனக்கு வந்த இரங்கல் அட்டை ஒன்றில் எழுத்துப்பிழை இருந்ததை எனக்கே காட்டியவள் அவள். அன்றைக்கு அவளை அடிக்காமல் விட்டது என் பெருந்தன்மை.

ஒன்றை மட்டும் நான் பல காலம் புரிந்துகொள்ளாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் வெர்னா எங்கேயும் வரமாட்டாள். பனித்தரையில் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங் ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். அவளுடைய ஒரே மகள் ட்ரினா ஆல்பர்ட்டா பக்கம் ரெட் டீரில் இருந்தாள். அந்த நேரத்தில்தான் அவள் அம்மாவுக்குப் போன் செய்வாள். செய்வாள் என்றா சொன்னேன், செய்துகொண்டிருந்தாள். ரெண்டு வருஷமாகப் போன் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வரும், கையெழுத்து மட்டும் இருக்கும். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு வெர்னா சமையலறை மேசையில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டால், "அவளுக்கு வேல ஜாஸ்தி, டோரீன்" என்பாள்.

அந்த வருஷம் நவம்பரில் வின்னிபெக்கிலிருந்து ஒரு அம்மாள் வந்து, ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறையையே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றாள். செயல் ஆய்வு என்று பெயர். உங்கள் வகுப்பில் உங்களை உறுத்தும் ஒரு கேள்வியை எடுங்கள், கவனியுங்கள், ஒன்றை மாற்றுங்கள், மறுபடி கவனியுங்கள். ஒவ்வொருவருக்கும் கூட வேலை செய்யும் ஒருத்தர் குற்றம் காணும் தோழியாக இருக்க வேண்டும். வெர்னா என் பக்கம் கையை நீட்டினாள்.

"இவ இருக்கா. சம்பளம் இல்லாமலே அதத்தான் செஞ்சிட்டிருக்கா."

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி: தெரேசா ஏன் பேசமாட்டேன் என்கிறாள்? தெரேசா எரித்திரியாவிலிருந்து வந்த ஒரு பெண். இறைச்சித் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட், காலையில் வகுப்பு. செப்டம்பரிலிருந்து ரெண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் சொன்னதில்லை. கூச்சமாக இருக்கலாம், களைப்பாக இருக்கலாம், அவர்கள் ஊர் வழக்கமாக இருக்கலாம் என்று வெர்னா ஒரு பக்கம் முழுக்கக் காரணம் எழுதி வைத்திருந்தாள். தன்னைத் தவிர உலகத்தில் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தது.

சின்ன ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை மேசையில் வைத்துப் பத்து நிமிஷம் பதிவு செய்தாள். அதைக் கேட்டுக் கேட்டு வார்த்தைக்கு வார்த்தை எழுதுவதற்கு ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. அடுத்த வாரம் இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பதிவை ஓடவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் வெர்னா கேட்டவை நாற்பத்தியொரு கேள்விகள். கேட்டதற்கும் அவளே விடை சொன்னதற்கும் நடுவில் சராசரியாக ஒரு நொடிகூட இல்லை. நான் சிரித்துவிட்டேன். பிறகு ரெண்டாம் வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"டீச்சர், என்..."

"என் புத்தகம்? என் பென்சில்? சபாஷ் தெரேசா, என் பென்சில்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "டீச்சர், என்..." மறுபடி வெர்னா அதை முடித்துவைத்தாள். மூன்றாவது தடவை "டீச்சர்" என்பதோடு அந்தக் குரல் நின்றுவிட்டது.

"அவ பேசறா, வெர்னா. நீதான் விடல," என்றேன். குற்றம் காணும் தோழி இல்லையா, சொல்லத்தானே வேண்டும்.

திட்டுவாள் என்று நினைத்தேன். கருவியை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாக வண்டிகள் நிறுத்தும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரினா விஷயத்தை அப்போதுதான் சொன்னாள்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, ட்ரினா அழுதுகொண்டே போன் செய்திருக்கிறாள். அவள் அஞ்சு மாசக் கர்ப்பம். டார்சி அவளுடைய புருஷன். "நானும் டார்சியும் கொழந்தைய இழந்துட்டோம்மா" என்றிருக்கிறாள். எங்கள் மொழியில் அடுத்தவர் பெயரை முதலில் சொல்லி, தன்னைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்பது பள்ளிக்கூட விதி. வெர்னா யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"டார்சியும் நானும்," என்று திருத்தியிருக்கிறாள்.

"நானும் டார்சியும்..." என்று ட்ரினா மறுபடி எதையோ சொல்ல வந்தாளாம். அதற்குள் வெர்னா பதறிப்போய், மன்னிப்பு, ஆறுதல், டாக்டர், கடவுள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறாள். கொட்டி முடித்தபோது எதிர்ப்பக்கம் யாரும் இல்லை.

"அவ என்ன சொல்ல வந்தான்னு எனக்குத் தெரியாது, டோரீன். ரெண்டு வருஷமா தெனமும் அந்த வாக்கியத்த நானே முடிச்சுப் பாக்கறேன். ஒண்ணும் பொருந்தல. அத அவ வாயால கேக்கணும். வேற எதுவும் வேணாம் எனக்கு."

எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது, அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. ரெண்டையும் செய்யாமல் அவள் காபியை எடுத்துக் குடித்துவிட்டேன்.

டிசம்பரில் அவள் தன் மாற்றத்தைத் தொடங்கினாள். கேள்வி கேட்டதும் வாயில் ஒரு பெப்பர்மின்ட் போட்டுக்கொள்வாள். சர்ச்சில் எல்லாரும் கைப்பையில் வைத்திருக்கிறோமே, அந்த வெள்ளை மிட்டாய்தான். வாயில் அது இருக்கும்வரை பேசக் கூடாது. மனதுக்குள் எண்ண வேண்டும். முதல் நாள் அறை முழுக்க ஒரே நிசப்தம். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மாணவர்கள் கவலைப்பட்டார்கள். அவள் வகுப்பில் எல் சால்வடோர்க்காரர் எல்மெர்தான் கடைசியில் கேட்டார்.

"டீச்சருக்குப் பல்லு வலியா?"

வெர்னா இல்லையென்று தலையாட்டினாள். எல்மெர் விடவில்லை. "அப்ப எங்க மேல கோவமா? நேத்து வீட்டுப்பாடம் செய்யாதது நான் மட்டும் இல்ல, எல்லாரும்தான்." அந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். வெர்னா அதைக் குறித்துவைத்தாள்.

ஜனவரி நடுவில் ஒரு நாள், எஞ்சின் உறையாமல் இருக்க வெளியே மின்சாரத்தில் சொருகிப் போட்ட வண்டிகளே உறைந்துபோன குளிர். "நாளைக்கு என்ன மாத்த ஆசப்படறீங்க?" என்று கேட்டுவிட்டு மிட்டாயைப் போட்டுக்கொண்டாள் வெர்னா. அன்றைக்கு நான் அவள் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து நொடி எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து, ஆறு. யாரும் பேசவில்லை. ஒன்பது வந்தபோது எனக்கே வேர்த்தது. பதினொன்றில் ரெண்டாம் வரிசையில் கை உயர்ந்தது.

"டீச்சர், என் பேரு." நிறுத்தினாள். வெர்னாவின் தாடை அசைந்தது. பேசவில்லை. "என் பேரு தெரேசா இல்ல. தெர்ஹாஸ். மொத நாளே சொன்னேன். நீங்க தெரேசான்னு திருத்துனீங்க. இப்ப எல்லாரும் தெரேசான்னு கூப்பிடறாங்க. பாங்க்ல வேற யாரையோ தெரேசான்னு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கறேன். அத மாத்தணும்."

நாலு மாசம். வருகைப் பட்டியலில் தெர்ஹாஸ் என்று சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆபீசில் பிழையாக அடித்துவிட்டார்கள் என்று வெர்னா சிவப்புப் பேனாவால் அதையும் திருத்தி வைத்திருந்தாள். நல்ல ஆசிரியை. அவள் மிட்டாயைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு, "தெர்ஹாஸ்," என்றாள். "சரியாச் சொல்றேனா?"

"இன்னும் கொஞ்சம் தொண்டைலேந்து," என்றாள் தெர்ஹாஸ். வெர்னா மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். வகுப்பே சேர்ந்து சொல்லிப் பார்த்தது. அவளை யாரும் கேட்காமலே அதற்கப்புறம் தெர்ஹாஸ் பேசிக்கொண்டே இருந்தாள். இலக்கணம் அத்தனையும் தப்பு. வெர்னா ஒன்றையும் தொடவில்லை.

அன்றைக்கு சாயங்காலம் வெர்னா ட்ரினாவின் போனில் ஒரு குரல் செய்தி விட்டாள். வழக்கமாக அவள் விடும் செய்தி கருவி தானாக நிறுத்தும் வரை போகும். இந்தத் தடவை எழுதி வைத்துக்கொண்டு பேசினாள், எனக்கும் காட்டினாள். "ட்ரினா, அன்னிக்கு நீ சொல்ல வந்தத நான் முடிக்க விடல. எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு. நான் குறுக்க பேசமாட்டேன்."

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவள் வீட்டுக்குப் போனேன். "நீ பக்கத்துல உக்காரு. நான் வாயத் தொறந்தா என் கால மிதி," என்றாள். அவள் செய்யும் பட்டைப்பொடி தூவின இனிப்பு ரொட்டிக்காகத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். முதல் ஞாயிறு போன் வரவில்லை. ரெண்டாவது ஞாயிறு அடித்தது. யாரோ கூரை மாற்றித் தருகிறோம் என்று வியாபாரம் பேசுகிறவர்கள். பிப்ரவரி முழுக்க ஒன்றும் இல்லை. மூன்று மணி ஆனதும் வெர்னா எழுந்து, தின்னாத ரொட்டிகளை எனக்குக் கட்டிக் கொடுப்பாள். "அடுத்த வாரம்," என்பாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

மார்ச் ரெண்டாம் ஞாயிறு, ரெண்டு பத்துக்குப் போன் அடித்தது. வெர்னா முதலில் மிட்டாயை வாயில் போட்டாள், அப்புறம் போனை எடுத்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், போனில் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பாள். போனில் பேசுவது மேசைக்கு இந்தப் பக்கமும் கேட்கும்.

"ஹலோ," என்றாள் வெர்னா.

"நாந்தான்." வெர்னா மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். "வாயில என்னம்மா?"

"பெப்பர்மின்ட்."

"சர்ச்சுல குடுப்பியே எனக்கு. பேசாம இருக்கறதுக்கு."

"ஆமா," என்றாள் வெர்னா. மேலே எதுவும் சொல்லவில்லை.

நான் எண்ணத் தொடங்கினேன். எட்டு வந்தபோது எதிர்ப்பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"நானும் டார்சியும்," என்றாள் ட்ரினா. வேண்டுமென்றே நிறுத்தினாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது, வேண்டுமென்றுதான். வெர்னாவின் உதடு குவிந்தது. என் காலை அவள் கால் மேல் வைத்தேன். மிதிக்கவில்லை, வைத்துக்கொண்டேன். அவள் கண்ணிலிருந்து நீர் மேசை விரிப்பில் சொட்டியது. துடைக்கவில்லை.

"நானும் டார்சியும் அவளுக்குப் பேரு வச்சிருந்தோம். அத உனக்குச் சொல்லத்தான் அன்னிக்குப் போன் பண்ணேன். யாருக்கும் சொல்லல, உனக்குச் சொல்லணும்னு." கொஞ்சம் நின்றாள். "ஜூன். ஜூன்ல பொறக்க வேண்டியவ."

"ஜூன்," என்றாள் வெர்னா. ட்ரினா சொன்ன மாதிரியே, மெதுவாக.

"ஆமா," என்றாள் ட்ரினா. "வச்சிடறேன்மா."

போன் வைக்கப்பட்ட சத்தம் எனக்கும் கேட்டது. வெர்னா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அடுப்பில் காபி வைத்தேன்.