தர்ஷினி என்று எழுதிய வெள்ளைக் கார்

ஜூலை 3 தேதியிட்ட குறுஞ்செய்தி அது. மஸ்கட்டில் மதியச் சாப்பாட்டு வேளையில் என் ஊர் நம்பருக்கு வந்தது. என் காரின் பதிவெண்ணைக் குறிப்பிட்டு, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு ஐந்நூறு ரூபாய் அபராதம் என்றது. இடம், மீமிசல். அந்தக் காரை நான் விற்று ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

செய்தியில் இருந்த இணைப்பு ஓமானில் திறக்கவில்லை. அறந்தாங்கியில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் செல்வராசுக்கு அனுப்பினேன். அவர் அங்கே திறந்து படத்தை எடுத்து அனுப்பினார். பின்பக்கத்திலிருந்து எடுத்த படம். மகள் பிறந்த வருடம் நான் பின்கண்ணாடியில் ஒட்டிய ‘தர்ஷினி’ என்ற பெயர் அப்படியே இருந்தது. டிரைவர் பக்க ஜன்னலில் ஒரு கை ஊன்றியிருந்தது. அதில் சிவப்பு வளையல்கள்.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி விற்பதற்கான படிவங்களில், வாங்குபவர் பெயரையும் தேதியையும் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் போட்டு, வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். ஆள் அமையும்போது வீட்டில் இருப்பவர் கொடுத்துவிடுவார். மனைவியும் மகளும் என்னோடு வந்துவிட்ட பிறகு, மாமனார் வீட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்த காரை மச்சான் அப்படித்தான் ஆவுடையார்கோவில் புரோக்கர் ஒருவருக்கு விற்றார். பதின்மூன்று வயது டீசல் வண்டி. போனால் போதும் என்றிருந்தது.

அது போகவில்லை. அரசாங்கக் கணக்கில் இன்னும் என் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மஸ்கட்டில் எங்கள் குடியிருப்பில் ஒருவர் இதேபோல் விற்ற மோட்டார் சைக்கிள் யாரையோ இடித்து, அவர் லீவில் வந்து இறங்கிய பிறகுதான் தன் மேல் வழக்கு இருப்பதே தெரிந்தது. லீவு முழுவதும் கோர்ட்டு வாசலில் கழிந்தது. திரும்பிப் போவதற்குள் விசா முடிந்துவிட்டது. அபராதச் செய்தி வந்த நாளிலிருந்து அவர் முகம்தான் என் கண்முன் நின்றது. ஐந்து நாள் அவசர லீவு கேட்டேன். ஆகஸ்டு நடுவில் கிடைத்தது.

ஆகஸ்டு 12, செவ்வாய்

காலையில் திருச்சியில் இறங்கினேன். விமான நிலையமே புதுக்கோட்டை சாலையில் இருப்பதால் ஊருக்குள் போக வேண்டியதில்லை. வாசலைத் தாண்டி நின்றால் பஸ் வரும். புதுக்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே மாறி, இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் அறந்தாங்கி. வழியெல்லாம் எதிரே வந்த வெள்ளைக் கார்களின் நம்பரைப் படித்துக்கொண்டே போனேன். திருமயம் பிரியும் இடத்தில் ஒன்று ஏறக்குறைய ஒத்துவந்தது. கடைசி எண் வேறு.

மச்சான் உரக்கடை வைத்திருக்கிறார். மூட்டைகளுக்கு நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

“வித்த காரைத் தேடி பிளைன் ஏறி வந்த மொத ஆளு நீங்கதான் மாப்ள,” என்றார்.

வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், பெயர் மாற்ற வேண்டிய போக்குவரத்து அலுவலகம் திறக்காது. சனிக்கிழமை மாலை எனக்கு விமானம். புதனும் வியாழனும்தான் கையில் இருக்கின்றன என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு புரோக்கருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை ஸ்விட்ச் ஆஃப்.

ஆகஸ்டு 13, புதன்

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவிலுக்குப் பதினான்கு கிலோமீட்டர் இருக்கும். மச்சானின் வண்டியில் போனோம். இந்த ஊர்க் கோயிலில் கல்லை மரம்போல் இழைத்துச் செய்த தாழ்வாரத்தைப் பற்றி நான் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அன்று கோபுரத்தின் எதிரே அரை மணி நேரம் நின்றும் உள்ளே போகவில்லை. புரோக்கர் கணேசன் அந்தத் தெருவில்தான் கார்களை நிறுத்தி வைப்பார் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். வந்த ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கணேசன் வந்தார். ஒளியவில்லை, தயங்கவுமில்லை. மச்சானை அண்ணே என்றும் என்னை சார் என்றும் கூப்பிட்டார். வண்டி மீமிசலுக்கு அந்தப்பக்கம் ஒரு மீனவக் குடியிருப்பில் இருக்கிறது, லீவில் வந்த அந்தோணி என்பவர் வாங்கினார், அவர் கத்தாரில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறார், திரும்பிப் போய்விட்டார் என்றார். ஏன் பெயர் மாற்றவில்லை என்று கேட்டேன்.

“மாத்துனா செகண்ட் ஓனர் ஆயிரும்ல சார். ரேட்டு எறங்கிரும். இன்னிக்கும் ஒங்க வண்டி சிங்கிள் ஓனர் வண்டி. எனக்கு முன்னாடி ஒரு கை, நான் ஒரு கை, அந்தோணி ஒரு கை. ரெக்கார்டுல நீங்க மட்டுந்தான். பெருமையா நெனைங்க.”

மச்சானிடம் காரை எடுக்க வந்தவர் கணேசனின் ஆள் என்று நினைத்திருந்தோம்; அவர் நடுவில் வாங்கி விற்ற இன்னொருவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் யார் என்று கேட்டதற்குக் கணேசன் பேச்சை மாற்றினார். நான் கையெழுத்துப் போட்ட படிவங்கள் அந்தோணியிடம் இருப்பதாகச் சொன்னார். வீட்டு அடையாளம் கேட்டபோது மட்டும் சிரித்தார். “தர்ஷினி வண்டின்னு கேளுங்க சார். யாரும் சொல்லுவாக.”

மச்சான் கடையைத் திறக்க வேண்டியிருந்ததால் நான் தனியாக பஸ் ஏறினேன். மீமிசல் கடைத்தெருவில் இறங்கும்போது வெயில் உச்சியில் இருந்தது. மீன் ஏற்றும் வேன்கள் ஐஸ் தண்ணீரைச் சாலையில் ஒழுகவிட்டபடி நின்றன. ஆட்டோ டிரைவரிடம் மகள் பெயரைச் சொல்லிக் கேட்க நாக்கு கூசியது. கேட்டேன்.

“தர்ஷினி வண்டியா? மேரியக்கா வண்டி. நூத்தியிருவது குடுங்க, வீட்டு வாசல்லயே விடுறேன். இந்நேரம் அக்கா பிள்ளைகளை ஏத்தப் போயிருக்கும்.”

பிள்ளைகளை என்ற சொல்லைக் கேட்டதும் பேரம் பேசாமல் ஏறினேன்.

நாலு கிலோமீட்டர். பனைகளும் உப்பு பூத்த தரையும் கடந்தால் குடியிருப்பு. வேப்பமர நிழலில் காத்திருந்தேன். கார் வந்தது. முன்பக்க பம்பரின் கீறல் நான் போட்டதுதான். டிரைவர் பக்கத்திலிருந்து சிவப்பு வளையல் அணிந்த பெண் இறங்கினார். பின்கதவு திறந்தது. ஒரு பிள்ளை, இரண்டு, மூன்று. ஏழு பேர் இறங்கும்வரை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“போலீசு மாதிரி எண்ணுறீங்க. யாருங்க நீங்க?” என்றார் அவர்.

சொன்னேன். அவர் முகம் மாறியது. வண்டியைத் திரும்பக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அப்படியில்லை என்று புரிய வைக்க ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கும் நேரம் பிடித்தது. சகாயமேரி அவர் பெயர், அந்தோணியின் மனைவி. பள்ளி வேன் மெயின் ரோட்டோடு திரும்பிவிடுவதால், தன் பிள்ளைகள் இருவரோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் காலையில் விட்டு, மாலையில் அழைத்து வருகிறார். அன்று அரை நாள். அந்த அபராதம் பள்ளி வாசலில் நிறுத்தியதற்குத்தான். அவருக்கு அது தெரியவே தெரியாது. செய்தி என் போனுக்கு அல்லவா வந்திருந்தது.

லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்துக் காட்டினார். எனக்கு மூச்சு வந்தது. இன்சூரன்ஸ் கேட்டேன். அவர் கணவர் கொடுத்த கவரை எடுத்து வந்தார். ஜூலை கடைசியோடு முடிந்திருந்தது. பதின்மூன்று நாளாக அந்த ஏழு பிள்ளைகளும் இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் போய் வந்திருக்கிறார்கள். புதுப்பிக்கச் சொல்லி ஜூலை முழுவதும் எனக்குச் செய்திகள் வந்தன. விற்ற வண்டிதானே என்று ஒவ்வொன்றாக அழித்திருந்தேன்.

அங்கேயே நின்று என் போனில் அபராதத்தைக் கட்டினேன். பிறகு அந்தக் காரிலேயே அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, கடைத்தெரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் போட்டோம். என் பெயரில்தான் போட முடிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் காரில் நான் பயணியாக உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைவிட நிதானமாக ஓட்டினார். அதைச் சொல்ல அன்று எனக்குத் தோன்றவில்லை. சீட்டுக்கு மேல் பிள்ளைகளை ஏற்றாமல் இரண்டு நடையாகப் போகக் கூடாதா என்று கேட்டேன். டீசல் நீங்கள் போடுவீர்களா என்று கேட்டார்.

மாலையில் மேரி வீட்டுக்குத் திரும்பியதும் அந்தோணி வீடியோ காலில் வந்தார். படகில் இருந்தார். காற்றுச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டியிருந்தது. மரியாதையான மனிதர். தை மாதம் லீவில் வந்து தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதாக உறுதி சொன்னார். தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மேரி போனை என் கையிலிருந்து வாங்கினார்.

“நீங்க தையில வருவீங்க, மாசியில போயிருவீங்க. வண்டி இங்கிட்டுதான நிக்கப் போகுது. எம்பேருக்கு மாத்திக்கிறேன். சாரும் வந்துருக்காக.”

அந்தோணி வாங்கிய முதல் கார் அது. படகில் வேலை பார்த்துச் சேர்த்து வாங்கியது. எனக்குச் சங்கடமாக இருந்தது. வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சரி,” என்றார் அந்தோணி கடைசியில். “அப்ப அந்தப் பின்கண்ணாடிப் பேரையாச்சும் சொரண்டி எடுத்துரு.”

“பிள்ளைக எல்லாம் தர்ஷினி வண்டின்னுதான் சொல்லுதுக. அது இருந்துட்டுப் போகட்டும்,” என்றார் மேரி. பிறகுதான் என் பக்கம் திரும்பி, “இருக்கலாம்ல சார்?” என்றார்.

ஆகஸ்டு 14, வியாழன்

பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மேரி நேராக அறந்தாங்கிக்கு வந்தார். ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். அவ்வளவு தூரம் தனியாக ஓட்டி வந்தது அதுதான் முதல் தடவை என்று, காரை நிறுத்திய பிறகு சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் நான் போய் அழைத்து வந்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை போலிருக்கிறது.

மச்சான் ஏற்பாடு செய்த ஏஜென்ட், என்ஜினுக்குப் பக்கத்தில் பொறித்திருந்த சேஸிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தார். அந்தோணி வீட்டில் வைத்துவிட்டுப் போன படிவங்களை மேரி கொண்டுவந்திருந்தார்; பத்து மாதத்துக்கும் மேலாகக் காலியாக இருந்த இடத்தில் சகாயமேரியின் பெயரை நானே எழுதினேன். ஆன்லைனில் விண்ணப்பம் ஏறியபோது ஒப்புதலுக்கான எண் என் போனுக்கு வந்தது. மாதாமாதம் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்த ஊர் நம்பர் அன்றுதான் உருப்படியாகப் பயன்பட்டது. அலுவலகத்தில் மதியத்துக்குள் காகிதங்களை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். மேலே பார்க்க வேண்டியவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு புதிய அட்டை மேரியின் முகவரிக்குத் தபாலில் போகும் என்றார்கள். எப்போது என்று கேட்டேன். நாளை லீவு, அடுத்து சனி, ஞாயிறு என்றார் ஏஜென்ட்.

மேரி இரண்டரை மணிக்கே கிளம்பிவிட்டார். பள்ளி விடும் நேரம் ஆகிறதாம். கார் கட்டுமாவடி சாலையில் திரும்பி மறையும்வரை நின்றேன். சாலை ஓரத்து வண்டிகளை உரசிவிடுவாரோ என்றுதான் பார்த்தேன். உரசவில்லை.

ஆகஸ்டு 16, சனி

திருச்சி விமான நிலையத்தில், உள்ளே போகும் முன் வண்டி விவரம் பார்க்கும் செயலியைத் திறந்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரின் எழுத்துகள் பாதி நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்பட்டு நின்றன. கடவுச்சீட்டு பார்த்தவர் ஒரு நிமிடம் கூடுதலாகத் திரையைப் பார்த்தபோது காரின் பேரில் ஏதாவது வழக்கு விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன். அவர் தும்முவதற்காகத்தான் நிறுத்தியிருந்தார்.

மஸ்கட்டில் போன வருடம் என் இன்னொரு பழைய காரை விற்றேன். வாங்குபவரும் நானும் ஒரே கவுன்டரில் நின்றோம். டீ ஆறுவதற்குள் அது அவர் கார் ஆகிவிட்டது. அதன் பிறகு அதை நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை. இப்போது யார் ஓட்டுகிறார் என்பதும் தெரியாது.

இதை ஆகஸ்டு 31 அன்று எழுதுகிறேன். வண்டி விவரச் செயலி இங்கே திறப்பதில்லை. மச்சான் இரண்டு முறை பார்க்கிறேன் என்றார். இரண்டு முறையும் கடையில் கூட்டம். அட்டை எதுவும் வரவில்லை என்று போன வாரம் மேரி குரல் செய்தி அனுப்பினார். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. வண்டியைப் பற்றி என் போனுக்கு அதன் பின் எந்தச் செய்தியும் வரவில்லை. பெயர் மாறிவிட்டதால் வரவில்லையா, அபராதம் எதுவும் விழாததால் வரவில்லையா என்பதை இன்னும் உறுதி செய்ய முடியவில்லை.

இங்கே காலை ஆறு மணி என்றால் மீமிசலில் ஏழரை. அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிடுகிறேன். அங்கே பின்கதவு திறந்து பிள்ளைகள் ஏறும் நேரம் அது.