இரண்டாம் தடவை கேட்டபோது

துன்பம் வந்தால் மனிதர்கள் அதிலிருந்து எப்படி மீள்கிறார்கள் என்பதைப் பல நாடுகளில் ஒரே கேள்வித்தாளை வைத்து அளக்கும் ஆய்வு அது. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்க ஆள் தேவைப்பட்டது. வேறு வேலை இல்லாததால் போனேன்.

கேள்விகள் எங்கோ எழுதப்பட்டுத் தமிழுக்கு வந்தவை. “கடினமான காலத்துக்குப் பின் நான் விரைவில் மீண்டெழுவேன்” என்று வாசிக்க வேண்டும். கொஞ்சமும் இல்லை என்றால் ஒன்று, முழுக்கச் சரி என்றால் ஐந்து. நாமாக விளக்கம் சொல்லக் கூடாது. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் அந்த வாக்கியங்களே காதில் ஓடிக்கொண்டிருக்கும்.

விக்கிரமசிங்கபுரத்தில், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் போனேன். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் கூட இருந்தார்.

“எல்லாத்துக்கும் அஞ்சு போடுங்கம்மா. நமக்கு என்ன கொற?” என்றார் அவர்.

“அண்ணாச்சி இரும்புல்லா!” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு வீடாவது சீக்கிரம் முடிந்ததே என்றுதான் எனக்கு இருந்தது.

சிலரிடம் மட்டும் இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். இரண்டு தடவையும் பதில் ஒத்து வந்தால்தான் கேள்வித்தாளை நம்பலாமாம். அந்தப் பட்டியலில் அவர் பெயரும் வந்தது.

இந்தத் தடவை தனியாக இருந்தார். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. “அதே கேள்விதான் அண்ணாச்சி” என்று முதல் கேள்வியை வாசித்தேன்.

“ஒண்ணு.”

நிமிர்ந்து பார்த்தேன்.

“ஒண்ணுன்னே போடுங்க. அவ போன பெறவு ஒரு நாளும் பாயச் சுருட்டல. குளிக்க ஆத்துக்குன்னு கெளம்புதேன், பாதியில திரும்பிருதேன்.”

“அன்னைக்கு அஞ்சு சொன்னீங்களே?”

“அன்னைக்கு அவன் பக்கத்துல இருந்தாம்லா. அவ போனதுக்குத் துட்டி கேட்டு வந்தவுக யாரும் ரெண்டாந்தடவ எட்டிப் பாக்கல. நீங்கதான் வந்திருக்கீய.”

பட்டியல்தான் என்னை அங்கே அனுப்பியது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் பேசி முடிக்க மதியமாகிவிட்டது. தாளில் எல்லாமே ஒன்று.

மறு வாரம் சென்னையிலிருந்து மேற்பார்வையாளர் போன் செய்தார். “ரெண்டு பார்மும் ஒத்தே போகலையே மேடம். நிஜமாவே ரெண்டு தடவை போனீங்களா?”

நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். “புரியுது மேடம். ஆனா அத எந்தக் கட்டத்துல போடறது?”

இரண்டு தாள்களையும் ஆய்வுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாதாடியிருக்கலாம். கால் வலித்தது, இன்னும் நிறைய வீடு பாக்கி இருந்தது. சரி என்று சொல்லி போனை வைத்தேன்.

கேள்வித்தாள் எதுவும் இல்லாமல் ஒரு தடவை அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு பாபநாசம் பஸ்ஸில் பல தடவை அந்த ஊரைக் கடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட இறங்கவில்லை.