உள்ளே விட்ட துணி

ரவிக்கையைக் கையில் வாங்கியதும் ஹனீபா ராவுத்தர் அதன் நிறத்தையோ கரையையோ பார்க்க மாட்டார். உள்பக்கமாகப் புரட்டுவார். பக்கத் தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போவார். ஓர் இடத்தில் விரல் நின்றுவிடும். "இங்கிட்டு இழுக்குதுங்களா?" என்பார். கொண்டுபோனவர்கள் வாயைத் திறப்பதற்குள் காதில் செருகியிருக்கும் சாக்கட்டித் துண்டை எடுத்து ஒரு கோடு போட்டுவிடுவார்.

திருமயத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே அவர் கடை, தகப்பனார் காலத்திலிருந்து நடக்கிறது. மிஷின் ஒன்று, துணி வெட்டுகிற பலகை ஒன்று, வாசலில் ஒரு முக்காலி. தட்டிக்குப் பின்னால் அவர் சம்சாரம் ரஹீமா பீவி உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பாள். ஆள் கண்ணுக்குத் தெரியாது, குரல் மட்டும் வரும். ராவுத்தர் ஒரு வார்த்தை பேசினால் தட்டிக்குப் பின்னாலிருந்து நாலு வார்த்தை வரும். அவர் மிஷினை விட்டுச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீ வந்தால்கூட ஒரு கால் மிதியில்தான் இருக்கும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் பொம்பிளைகளுக்கு டேப் பிடித்து அளவெடுக்கிற வழக்கமில்லை. உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கென்று கொடுத்தனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் புதுசு தைப்பார். ஆக, எந்த வீட்டில் யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள் என்பது அந்தந்த வீட்டு ஆம்பிளைகளைவிட ராவுத்தருக்குத் தெரியும். ஒரு நாளும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது.

இன்னொரு பழக்கம். தைத்து மிஞ்சுகிற துணியை வெட்ட மாட்டார். இரண்டு பக்கமும் உள்ளே மடித்து விட்டுவிடுவார். வெட்டச் சொன்னால், "உள்ள கெடக்கட்டுங்க. கத்திரிக்கு வாய் உண்டு, வவுறு கெடையாது. தின்னதைத் திருப்பித் தராது" என்பார்.

அந்த உள்துணியால் என் தங்கை முத்தாளுக்கு நடந்த நன்மையைத்தான் சொல்ல வந்தேன்.

முத்தாள் எனக்கு நேர் இளையவள். எங்கள் அம்மான் மகன் ஆதப்பனுக்கே கொடுத்தது. அவருக்கு மலாயாவில் கடை. இவளுக்கு விராச்சிலையில் ஐந்து பிள்ளைகளோடு பெரிய வீடு. பிள்ளைக்குப் பிள்ளை பெருத்துக்கொண்டே போனாள். ஐந்தாவது பேற்றுக்குப் பிறகு தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு குடல் பிதுக்கம் வந்தது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். அதைப் பார்த்ததும் எனக்கு உயிரே இல்லை. எங்கள் ஆத்தாவின் தங்கை, அமராவதிபுதூரில் கொடுத்திருந்த சின்னாத்தா, இதே பிதுக்கம் முறுக்கிக்கொண்டுதான் ஒரே ராத்திரியில் போய்ச்சேர்ந்தாள். முத்தாளும் அதைக் கண்ணால் பார்த்தவள்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா நிதானமான மனுஷி. தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, முப்பது ராத்தல் குறைந்தால்தான் அறுத்துத் தைக்க முடியும் என்றார். இவ்வளவு கொழுப்பில் தையல் நிற்காது, மயக்க மருந்தும் ஆபத்து என்றார். பிதுக்கம் கல்லாகி வாந்தி வந்தால் அந்த நிமிஷமே ஓடி வரவேண்டும், மற்றபடி பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். வாரத்துக்கு ஒரு ராத்தல் குறைந்தால் போதும், மிஞ்சினால் இரண்டு, அதற்கு மேல் ஆசைப்படாதே என்றார்.

முத்தாள் காதில் முப்பது மட்டும்தான் விழுந்தது. சின்னாத்தா ஞாபகம் அவளைத் துரத்தியது. தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்று கிளம்பினாள்.

முதல் காரியமாக ராவுத்தருக்கு நாலு ரவிக்கைத் துணி கொடுத்தனுப்பினாள். கூட அனுப்பிய அளவு ரவிக்கை, மூத்த மகன் பிறக்கும் முன்னால் போட்டுக்கொண்டது. அதற்குள் உடம்பை அடக்கிவிடுவதாக ஆண்டவனுக்கே வாக்குக் கொடுத்தது மாதிரி ஒரு பிடிவாதம்.

அடுத்த தடவை திருமயத்தில் பஸ்ஸுக்காகப் போய் நின்றோம். ராவுத்தர் கடைக்குள்ளிருந்து அந்த ரவிக்கையோடு வந்தார்.

"சின்ன ஆச்சி, இது எங்க அத்தா கைத்தையலுங்க. அவுக மவுத்தாகியே பதினஞ்சு வருசமாச்சு. இந்த அளவுக்காரவுக இப்ப இந்த ஊர்ல இல்லீங்களே. நான் யாருக்குத் தைக்கிறது?"

முத்தாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. தட்டிக்குப் பின்னாலிருந்து ரஹீமா பீவி, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்" என்று அதட்டினாள். அவர் குரலை இறக்கிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கி இருக்குற ஒடம்புக்குத் தைக்கிறேன். கொறையக் கொறைய நான் புடிச்சுத் தாறேன். மாசத்துக்கு ஒரு நூலு புடிச்சா அதுவே பெரிசு." நூல் என்பது தையல்காரர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

இவள் கேட்கவில்லை. தீபாவளிக்குள் ஒன்றும் குறையவில்லை, அது கழிந்ததும் ஐப்பசியிலேயே கந்தசஷ்டி வந்தது. எங்கள் வீடுகளில் முருகனுக்கு என்றால் யார் தடுப்பது. ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருந்தாள். விரதம் என்று பெயர், மனசெல்லாம் தராசு. ஏழாம் நாள் பார்த்தால் நிஜமாகவே ரவிக்கை தொளதொளத்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ராவுத்தரிடம் வண்டி கட்டிக்கொண்டு போய், எல்லாவற்றையும் இரண்டு விரல் பிடித்து, உள்துணியை வெட்டி எறியச் சொன்னாள். வெட்டிவிட்டால் பழைய உடம்புக்குத் திரும்பிப் போக வழியிருக்காது என்பது அவள் கணக்கு.

ராவுத்தர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. சரி என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஊருணிப் படியில் முத்தாள் மயங்கி விழுந்தாள். தண்ணீர் எடுக்க வந்த வீட்டு வேலைக்காரி அழகிதான் தூக்கிவந்தவள். அதற்குப் பிறகு பசி அவளைச் சும்மா விடவில்லை. கந்தரப்பமும் சீயமும் பணியாரமுமாக, ஆறு நாளைக்குச் சேர்த்து உள்ளே போயிற்று. கார்த்திகை பிறப்பதற்குள் போன உடம்பு முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. போனது தண்ணீர்தான், கொழுப்பு போகவில்லை என்று மட்டும் சொன்னார்.

பிடித்துக் கொடுத்த ரவிக்கை ஒன்றும் கையில் ஏறவில்லை. முத்தாள் மெத்தையில் குப்புறக் கிடந்து அழுதாள். "சின்னாத்தா வழிதான் ஆச்சி எனக்கும்" என்றாள். திருமயத்துக்கு இனி எந்த முகத்தோடு போவது என்று எனக்கு வேறு கவலை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு ராவுத்தரே விராச்சிலைக்கு வந்துவிட்டார். வாசலோடு நின்றார். ரவிக்கைகளை வாங்கி, மடியிலிருந்து பிளேடை எடுத்து, பக்கத் தையலைப் பிரித்தார். ஒரு இழுப்பில் நூல் முழுக்க வந்துவிட்டது. மிஷின் தையலே இல்லை, கையால் ஓட்டிய நூல். உள்துணி ஒரு இழை குறையாமல் அப்படியே இருந்தது.

முத்தாள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் கதவைப் பார்த்தே பேசினார்.

"எங்க ஆளுக நோம்பு மாசத்துல வந்து சட்டையைப் புடிச்சுத் தரச்சொல்லுவாக. பெருநா கழிஞ்சு பத்து நாள்ல பிரிச்சு விடச்சொல்லி அவுகளே வருவாக. அதான் நூலை மட்டும் ஓட்டுனேன். பதினஞ்சு வருசமா ஏறுன ஒடம்பு ஆச்சி. எறங்குறதுக்கு ஒரு வருசம் குடுங்க. மருவாதையா எறங்கும்."

அப்புறந்தான் அவள் டாக்டரம்மா சொன்னபடி ஆரம்பித்தாள். சாயங்கால இடைப்பலகாரத்தை நிறுத்தினாள். சோற்றைப் பாதியாக்கிக் காயைக் கூட்டினாள். ஆனால் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டாள். காலையில் ஊருணியைச் சுற்றி மெதுவாக நடந்தாள், அழகி துணைக்கு. ஒவ்வோர் அமாவாசை கழிந்தும் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவோம். போகும்போது ரவிக்கையைக் கொடுத்தால், திரும்பும்போது ராவுத்தர் ஒரு நூல் பிடித்து வைத்திருப்பார்.

பஸ் ஏறுவதுதான் பெரும்பாடு. படி உயரம். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு ஏறினால் பிதுக்கம் வெளியே வந்துவிடும். அதற்காக ராவுத்தர் கடை முக்காலியைத் தூக்கிவந்து படிக்குக் கீழே போடுவார். கண்டக்டர் நல்லதம்பிக்கு வாய் சும்மா இராது. "ஏன் ராவுத்தரே, ஆச்சிக்கு மட்டும் டிக்கெட்டா, முக்காலிக்கும் சேத்தா?" என்பான். "கிழிச்சுக் குடுப்பா, முக்காலி பொறத்தால வருது" என்பார் இவர்.

மாசியில் ஒரு நூலும் நகரவில்லை. சரியாகத்தான் சாப்பிட்டாள், சரியாகத்தான் நடந்தாள். பங்குனியிலும் அப்படியே. மறுபடி பட்டினி கிடக்கிறேன் என்று கடை வாசலிலேயே சொன்னாள். ராவுத்தர் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ரவிக்கையை அப்படியே மடித்துக் கையில் கொடுத்தார்.

"ஏறலியே ஆச்சி. இந்த மாசத்துக்கு அது போதும். நடையை விட்றாதீங்க."

சித்திரையில் மறுபடி ஒரு நூல். வைகாசியில் ஒன்றரை. ஆடி போய் ஆவணி வந்தபோது, டாக்டரம்மாவிடம் முதலில் காட்டி ஒரு வருஷமாகியிருந்தது. டாக்டரம்மா தராசைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆபரேஷனுக்குக் கட்டில் ஒதுக்கிக் கொடுத்தார். அறுத்துத் தைக்கிற நேரம் நான் வெளியே பழனியாண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தையல் நின்றது. புண் ஆறியது. ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ள, வயிற்றில் படாமல் முன்பக்கம் முடிச்சுப் போடுகிற தொளதொளப்பான சட்டை இரண்டு, யாரும் கேட்காமலே ராவுத்தர் தைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். காஜா வேலை ரஹீமா பீவியுடையதாக இருக்கும் என்று பார்த்தேன். காஜாவே இல்லை, நாடாதான். புண்ணில் எதுவும் உறுத்தக் கூடாதாம்.

இன்றைக்கும் நான் விளக்கேற்றுகிறபோது டாக்டரம்மாவுக்கு ஒரு கும்பிடு போடுவேன். அடுத்த கும்பிடு ராவுத்தருக்கு. ஆளிடமே ஒருமுறை சொன்னேன். "பெரியாச்சி, நான் நூலு கோத்தேன், வேற என்ன" என்று மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

ஆறு மாசம் உடம்பை அலட்டக் கூடாது என்று டாக்டரம்மா கட்டளை. அது கழிந்து, கடைசியாக ஒருதரம் காட்டிவர மாசியில் கிளம்பினோம். பஸ் வந்து நின்றது. ராவுத்தர் வழக்கம்போலக் கையில் முக்காலியோடு ரோட்டைக் கடந்து வந்தார். முத்தாள் பார்க்கவில்லை. அவள் பாட்டுக்குக் கம்பியைப் பிடித்தாள், படியில் கால் வைத்தாள், ஏறி உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். நல்லதம்பி முக்காலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், டிக்கெட்டைக் கிழித்தான். நான் பின்னால் ஏறினேன். பஸ் நகர்ந்தது.

திரும்பிப் பார்த்தேன். ராவுத்தர் முக்காலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடையில் ரஹீமா பீவி கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவர் முக்காலியை ரோட்டோரத்திலேயே போட்டார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தார். பஸ் வளைவு திரும்பும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.