பழைய லாரிக்கு எண்ணெய்ப் பதம்

காட்டூர் அரிசி ஆலையை விட்டு நடந்துகொண்டிருந்தபோது அந்த லாரி என்னை முந்தியது. பிறகு நான் அதை முந்தினேன். மறுபடி அது, மறுபடி நான். இத்தனைக்கும் எனக்கு வலது கால் நொண்டி. நெல் அவிக்கும்போது கொதிநீர் கொட்டிப் பொத்துப் போயிருந்தது. புண் ஆறின பிறகு வா என்றார்கள் ஆலையில். ஆறும்வரை சோறு யார் போடுவது என்று சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். சித்திரை வெயில், வயிற்றில் வெறும் தண்ணீர். ஆனாலும் ஒரு வேலையை விட்டு நடக்கும்போது எனக்கு வருகிற குஷி அன்றும் தவறாமல் வந்திருந்தது.

லாரி, யுத்தம் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் விட்ட பழைய வண்டி. முதுகில் மலைபோலத் தென்னங்கீற்று. பின்னால் நீலப் புகை. ஓட்டியவர் பக்கத்தில் அவர் மனைவி.

"ஏறிக்கிறீங்களா அண்ணே?" என்றார் அந்த அம்மாள்.

"வேண்டாங்க, எனக்குச் சீக்கிரம் போகணும்."

அவர் சிரித்த சிரிப்பில் புருஷனுக்குக் கோபம் வந்து வண்டியை நிறுத்தினார். அல்லது வண்டியே நின்றதோ என்னவோ. கடைசியில் ஏறிக்கொண்டேன்.

கீற்று ஸ்ரீரங்கத்துக்கு, தேர்த் திருவிழாப் பந்தலுக்கு. "விளக்கு வைக்கிறதுக்குள்ள கீத்து இறங்கலேன்னா நாளையிலேர்ந்து மாட்டு வண்டிதான்" என்று பந்தல் காண்டிராக்டர் முடிவாகச் சொல்லிவிட்டாராம். அந்த நடை போனால் லாரியைக் காயலான் கடைக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இதைப் புருஷன் அழுகிற குரலிலும், பெண்சாதி "போட்டா போகுது, நானாவது வீட்டுல தூங்குவேன்" என்றும் சொன்னார்கள். ஆனால் அந்த அம்மாள் கண் மட்டும் ஆயில் பிரஷர் முள்ளை விட்டு அகலவில்லை. முள் படுத்துக் கிடந்தது. இஞ்சினுக்குள் யாரோ உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி சத்தம்.

பாலக்கரையில் பாய் ஒருவரின் எண்ணெய்க் கடை முன்னால் வண்டி மூச்சை விட்டது. அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால், நுனியில் கறுப்பாக ஒரு துளி, தண்ணீர் மாதிரி ஓடியது.

"எந்த நம்பர் வேணும்?" என்றார் பாய். நம்பர் ஏற ஏற எண்ணெய் கெட்டி.

"முப்பது" என்றார் புருஷன்.

"நாப்பது" என்றார் பெண்சாதி.

"வெள்ளைக்காரன் பித்தளைத் தகட்டுல முப்பதுன்னு அடிச்சு வச்சிருக்கான். அவனை விட உனக்குத் தெரியுமா?"

"அவன் அடிச்சப்ப வண்டி புதுசு. எனக்குக் கல்யாணத்துக்குப் போட்ட வளையல் இப்ப முழங்கை வரைக்கும் ஓடுது. துணி சுத்தித்தான் நிப்பாட்டியிருக்கேன். உங்க இஞ்சினும் உள்ள அப்படித்தான் தேஞ்சு கிடக்கு. ரெண்டுக்கும் நீங்கதான் காரணம்."

பாய் எந்தப் பக்கமும் சாயவில்லை. "நான் விக்கிறவன். எதை எடுத்தாலும் நல்லதுன்னுதான் சொல்வேன்."

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். அதே பாலக்கரையில் ஒரு மிட்டாய்க் கடையில் கொஞ்ச காலம் பாகு காய்ச்சியிருக்கிறேன். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுத்தால் கம்பி வர வேண்டும். எல்லா டின்னையும் திறக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தேன். முப்பதில் கம்பி இல்லை, நாற்பதிலும் இல்லை. மூலையில் இருந்த டின்னில் அருமையான ஒற்றைக் கம்பி!

"அது கியர் ஆயில். பின் அச்சுக்கு ஊத்துறது" என்றார் பாய்.

"வழவழப்புன்னா எல்லாம் ஒண்ணுதானே?" என்றேன்.

புருஷனுக்கு ஆனந்தம். மனைவியை ஜெயிக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. நிறைய ஊற்றினோம். அதற்குள் இஞ்சினும் ஆறிவிட்டது. பாட்டரி எப்போதோ செத்துப்போன வண்டி. முன்னால் ஹேண்டில் போட்டுத்தான் சுழற்ற வேண்டும். அவர் சுழற்றினார், அசையவில்லை. இருவரும் சேர்ந்து தொங்கினோம். கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. ஹேண்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. தெருவில் போனவர்களும் வந்து தொங்கினார்கள். கயிறு கட்டி இழுத்தார்கள். "அரோகரா" என்று ஒருவர் குரல் கொடுத்தார். வண்டிதான் ஓர் அடி நகர்ந்தது.

அந்த அம்மாள் இறங்கி வந்தார். "அண்ணே, பாகுக்கு எப்ப பதம் பாப்பீங்க? அடுப்புல இருக்கறப்பவா, ஆறினப்புறமா?"

"அடுப்புல இருக்கறப்ப."

"ஓடுற இஞ்சின் அடுப்புதானே? டின்னுல ஆறிக் கிடக்கிறதுக்கு ஏன் பதம் பாத்தீங்க?"

எண்ணெயைச் சூட்டில் வைத்துப் பார்க்க எதிர்த்த டீக்கடைக்கு ஓடினேன். டீக்கடைக்காரர் தோசைக்கல்லைத் தர முடியாது என்று கையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் கல்லின் ஓரத்தில் தகர மூடிகளை வைத்துக்கொள்ள விட்டார். ஒவ்வொரு மூடியிலும் ஒரு நம்பர் எண்ணெய். கடையே எழுந்து வந்து சுற்றி நின்றது.

"எனக்கு முப்பதுல ஒரு ஊத்தப்பம்!"

"நாப்பதுல நல்லா முறுகலா!"

ஈர்க்குச்சியால் தொட்டுத் தூக்கினோம். சூட்டில் முப்பது தண்ணீராய்த் தெறித்தது. கியர் ஆயில் அப்போதும் குச்சியை விடவில்லை, நாற்றம் வேறு. நாற்பது மட்டும் குச்சியில் படலமாக ஒட்டி, மெல்ல வழுக்கி இறங்கியது. புருஷன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வளையலுக்குத் துணி சுத்துவோம்" என்றார். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ஊற்றியதை எல்லாம் வடித்தோம். அந்தக் கலவையை மாட்டு வண்டிக்காரர் ஒருவர் அச்சுக்குப் பூச வாங்கிப் போனார். நாற்பதை ஊற்றி ஹேண்டிலைச் சுழற்றியதும், உறுமி, தும்மி, வண்டி பிடித்துக்கொண்டது. தெரு கைதட்டியது.

காவிரிப் பாலத்தில் ஏறியபோது முள் எழுந்து நின்றது. "நிக்குது! நிக்குது!" என்று அந்த அம்மாள் பலகையைத் தட்டினார். உலக்கை ஓய்ந்திருந்தது. புகையும் பாதிதான். பாலத்துக் காற்றில் கீற்றெல்லாம் சடசடத்தது. நாங்கள் மூவரும் காரணமில்லாமல் கத்திக்கொண்டே போனோம்.

ஸ்ரீரங்கத்தில் காண்டிராக்டர் குந்தி உட்கார்ந்து பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாட்டு வண்டிக்காரர்கள் நாளைய நடையைப் பேசி முடிக்கும் நிலையில் இருந்தார்கள்.

"விளக்கு இன்னும் பத்தலே! இன்னும் பத்தலே!" என்று ஓடும் வண்டியிலிருந்தே கத்தினார் புருஷன்.

காண்டிராக்டர் விளக்குக்குள் இருந்த மேண்டில் வலையைப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை. பம்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். "சரிய்யா, இறக்கு. இறக்கினப்புறம் பத்த வைக்கிறேன்" என்றார். வண்டிக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். கீற்று இறங்கும்வரை இருட்டிலேயே நின்றார்.

"நாளையிலேர்ந்து நீங்களே கொண்டாங்க" என்றவர், குவியலைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இப்படி ஒரே நடையில வந்து குமிஞ்சா, மேல ஏறிக் கட்ட ஆள் எங்க?"

மறுநாள் காலை, காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பந்தல் மூங்கிலில் நானே ஏறினேன். கீழேயிருந்து எறியும் கீற்றைப் பிடித்து, தென்னம்பாளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டும் வேலை. மேலே உட்கார்ந்தால் மூங்கில் ஊஞ்சல் மாதிரி ஆடியது.