நோம்பிக்கு வைத்த வெடி

கண்ணுகளா, போன வாரம் பெரியப்பன் வீட்டுச் சுவரில் தொங்கும் தோல் உறையை யார் முதலில் தொடுவது என்று நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டு வந்து நின்றீர்கள். தோற்ற சின்னவன் பெரியவனைப் பற்றி உங்கள் அம்மாவிடம் ஒன்று சொன்னான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டவர்களுக்கு நடந்தது தெரியாது, வேறொன்றுதான் தெரியும். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. மலையாளப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு, தமிழ் வீட்டிலேயே கற்றது. தெரிந்த மட்டில் எழுதுகிறேன். அந்த உறைக்குள் இருந்த கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்த கதையும், அது ஒருமுறை பறிபோன கதையும் இது.

உங்கள் பெரியப்பன் என்னுடன் பிறந்தவர் அல்ல. என் பெரியப்பாவின் மகன். எனக்கு அண்ணன் முறை, பங்காளி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். பங்காளிக் காய்ச்சல் என்று நம் ஊரில் சொல்வார்கள். மற்றக் காய்ச்சலுக்குக் கஷாயம் உண்டு. இதற்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஏதாவது கெட்டுப்போனால்தான் உடம்பு குளிரும். எனக்கு அது இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இப்போது நீங்கள் ரயில் பார்க்க ஓடுகிறீர்களே, அப்போது மீனாட்சிபுரத்துக்குத் தண்டவாளமே போடவில்லை. அண்ணன் வண்டிமாடு பிடித்து மலைக்கு ஓட்டிப்போய் மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் விற்று வருவார். போக வரப் பத்துப் பன்னிரண்டு நாள். ஒருமுறை திரும்பி வரும்போது காட்டுப் பாதையில் மூன்று பேர் மறித்து அடித்துப் பிடுங்கிக்கொண்டார்கள். இடது புருவம் இரண்டாகப் பிளந்து போயிற்று. கூட வந்த ஆள் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து சேர்த்தான்.

அதற்குப் பிறகுதான் தோட்டத்துத் துரை ஒரு கடிதம் கொடுத்தார், இந்த மனிதனுக்குக் கைத்துப்பாக்கி வேண்டும் என்று. கடிதம் இருந்தால் மட்டும் ஆகிவிடாது. முத்திரைத் தாளில் மனு எழுத வேண்டும். நிலவரி கட்டிய ரசீது வைக்க வேண்டும். எதற்கு, எந்த வழியில் கொண்டுபோவது, வீட்டில் எங்கே வைத்துப் பூட்டுவது, எல்லாம் சொல்ல வேண்டும். பிறகு ஏட்டு வந்து அக்கம்பக்கத்தில் ஆள் எப்படி என்று விசாரிப்பார். அவர் எழுதுவது மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். நம் ஊர் கொச்சி ராஜாவின் சீமை. கிழக்கே ஓடையைத் தாண்டினால் வெள்ளைக்காரன் சீமை. மலை ஏறினால் திருவிதாங்கூர். மூன்று இடத்துக்கும் அனுமதி வேண்டும். மழைக்காலம் முழுக்க அலைந்து அண்ணன் வாங்கிவிட்டார். மூன்று முத்திரை. என்னிடம் வரி ரசீதைத் தவிர முத்திரை வைத்த காகிதமே கிடையாது.

அவர் தலையில் உருமால், இடுப்பில் வேட்டிக்கு மேலே தோல் வார், அதில் அந்த உறை. சந்து வழியாக நடந்தால் எருமை மேய்க்கிறவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். உங்கள் அம்மா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னாள்:

"ஏனுங்க, அவிய இடுப்புல துப்பாக்கி. உங்க இடுப்புல சுண்ணாம்பு டப்பி."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். எனக்கு வெற்றிலையே கசந்தது.

நானும் ஒரு மனு போட்டேன். அதே ஏட்டு வந்தார். மலையாளத்துக்காரர், எங்களோடு பேசிப் பேசிக் கொஞ்சம் தமிழ் கலந்து பேசுவார்.

"ஆரெங்கிலும் உன்னை அடிச்சோ?"

"இல்லீங்க."

"காட்டு வழி போகுமோ?"

"இல்லீங்க. தோட்டத்துக்கும் சந்தைக்குந்தானுங்க."

"பின்னே எந்தினா தோக்கு? காக்கை ஓட்டானோ?"

காக்காய் ஓட்டவா துப்பாக்கி என்று அவர் கேட்டதும், வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த நாலு பேர் சிரித்தார்கள். என் மனு தள்ளுபடி. அன்று முதல் எனக்கு அண்ணனின் துப்பாக்கி மேல் மட்டும் அல்ல, அந்தப் புருவத் தழும்பின் மேலும் பொறாமை வந்துவிட்டது. அடி வாங்குவதற்கும் ஒரு யோகம் வேண்டும் போல என்று நினைத்தேன். எவ்வளவு கேவலம் பாருங்கள்.

அண்ணனுக்கு மலையாளம் பேச வரும், எழுத்துத் தெரியாது. லைசென்ஸின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் மலையாளத்தில் அச்சடித்திருந்தன. அதை என்னிடம்தான் கொண்டுவந்தார். "படிச்சுச் சொல்லு தம்பி, நீதான் படிச்சவன்." நான் கடகடவென்று படித்துத் தமிழில் சொன்னேன். பிறர் கையில் கொடுக்கக் கூடாது. கேட்ட அதிகாரிக்குக் காட்ட வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். சந்தை, ஊர்வலம், உற்சவம் என்று கூட்டம் கூடும் இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

"அப்ப நம்ம மாரியாத்தா நோம்பிக்கு?"

"பொட்டில வெச்சுப் பூட்டிப்போட்டுத்தானுங்ண்ணா வரோணும்."

"அட, வெறும் இடுப்போடயா?" என்று சிரித்தார். ஆனால் அப்படியே செய்தார். நோம்பி அன்று அவர் இடுப்பு காலியாக இருந்ததை நானே பார்த்தேன். துப்பாக்கிக்குப் பதிலாக ஓலைவெடி வாங்கி வந்திருந்தார். "அதுதான் சத்தம் போடக் கூடாது, இதாச்சும் போடட்டும்" என்று கோவிலுக்கு முன்னால் ஐந்தாறு கொளுத்திப் போட்டார். ஜனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

வருஷம் திரும்பியது. புதுப்பிக்க விசாரணைக்கு ஏட்டு வந்தார். அண்ணன் மாடு பார்க்கப் போயிருந்தார். ஏட்டு நேரே வேலி தாண்டி என் வீட்டுக்கு வந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஆளு எங்ஙனெ? குடி உண்டோ?"

"இல்லீங்க."

"அடிபிடி, வழக்கு?"

"அதெல்லாம் இல்லீங்க."

"நாட்டுக்குள்ளெ எங்ஙானும் வெடி வெச்சிட்டுண்டோ?"

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தமிழில் வெடி வைப்பது என்றால் பட்டாசு கொளுத்துவது. மலையாளத்தில் அதே சொல் துப்பாக்கியால் சுடுவதும் ஆகும். துப்பாக்கி லைசென்ஸுக்கு வந்த ஏட்டு எதைக் கேட்கிறார் என்று எல்லையில் பிறந்த எனக்குத் தெரியாதா? பால் குடிக்கிற வயதிலிருந்து இரண்டு பாஷையும் காதில் விழுந்தவன். தெரிந்தது. காலி மோர்ச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"வெச்சாருங்க. போன நோம்பிக்கு வெச்சாருங்க."

"நோம்பி எந்து?"

"உற்சவமுங்க."

ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொன்னேன். இன்னொரு சொல்லுக்குச் சொல்லவில்லை.

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "உற்சவத்திலோ? எத்ர?"

"அஞ்சாறு இருக்குமுங்க."

அந்தத் துப்பாக்கி ஆறு குண்டு பிடிப்பது. அது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவர் எழுதியதைப் பார்த்தேன்: உற்சவ ஸ்தலத்தில் ஐந்தாறு முறை வெடி வைத்தான். எழுதியதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. நான் எப்போதும் மலையாளத்தில் கையெழுத்துப் போடுகிறவன். அன்று தமிழில் போட்டேன்.

இருபது நாளில் உத்தரவு வந்தது. லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டது, ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அண்ணன் உறையை வீட்டிலேயே கழற்றி மாட்டிவிட்டு, துப்பாக்கியைத் துணியில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். சேவல் விற்கப் போகிறவர் மாதிரி இருந்தது. வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அன்று எனக்கு உடம்பு நன்றாகக் குளிர்ந்தது. இரண்டு உருண்டை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஆனால் மாட்டுக்கு அண்ணன் துரையிடம் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். எட்டு ஜோடி. கையில் ஒரு தடியோடு மலைக்குக் கிளம்பிவிட்டார். பன்னிரண்டு நாள் ஆயிற்று, வரவில்லை. பதின்மூன்றாம் நாள் அண்ணி வேலியோரம் வந்து நின்றார். "தம்பி, வழியில யாராச்சும் பாத்தேன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். போகாமல் நின்றுகொண்டே இருந்தார். அந்தப் புருவம் பிளந்திருந்த விதம் எனக்குக் கண்ணுக்குள் வந்தது. பதினாலாம் நாள் மத்தியானம் அண்ணன் வந்து சேர்ந்தார். ஒரு மாட்டுக்குக் குளம்பு பிளந்து நின்றுவிட்டதாம். அவ்வளவுதான். நான் தோட்டத்துக்குப் போய் மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அண்ணன் வந்தார். "எவனோ நான் நோம்பில சுட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கானாம். நீ ஒரு மனு எழுது தம்பி. அது வெறும் ஓலைவெடின்னு எழுது. நீதான் பாத்தியே."

யார் என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தேன், தமிழில். மாஜிஸ்திரேட் எங்கள் இரண்டு பேரையும், அந்த ஏட்டையும் கூப்பிட்டார்.

அங்கே என் வாக்குமூலத்தை எடுத்துப் படித்தார்கள். என் பெயரைச் சொன்னதும் அண்ணன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மாஜிஸ்திரேட் மலையாளத்தில் கேட்பார். குமாஸ்தா ஒருவர் தமிழில் சொல்வார். ஒவ்வொரு கேள்வியும் எனக்கு முதலிலேயே புரியும். புரியாதவன் மாதிரி குமாஸ்தாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஒருமுறை அவர் சொல்வதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. அண்ணன் கவனித்தார்.

"நீங்க சொன்ன வெடி துப்பாக்கியா, பட்டாசா?"

"பட்டாசுங்க. ஓலைவெடி. எங்க தமிழ்ல வெடின்னா அதுதானுங்க. எனக்கு மலையாளம் அவ்வளவா வராதுங்க."

கீழே தமிழ்க் கையெழுத்து இருந்தது. மாஜிஸ்திரேட் அதைப் பார்த்தார், நம்பினார். பாஷை தெரியாதவனிடம் பார்த்துக் கேட்கக் கூடாதா என்று ஏட்டைத்தான் கடிந்துகொண்டார். ஏட்டு தலை குனிந்து நின்றார். அவரும் என்னால்தான் அதை வாங்கினார். அண்ணனின் லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுக்கச் சொல்லி உத்தரவாயிற்று.

திரும்பி நடந்தோம். வழியிலிருந்த வாய்க்கால் வரைக்கும் அண்ணன் எனக்கு முன்னால் நடந்தார். அங்கே கால் கழுவிக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கு லைசென்சுக்குப் பின்னால இருந்ததப் படிச்சியே தம்பி. ஒரு எடத்துலகூட நாக்குத் தட்டலையே."

நான் குனிந்து முகம் கழுவினேன்.

"உனக்கு மலையாளம் வராதுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்." சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதற்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம். "செரி, வா. வெயில் ஏறுது."

அதோடு சரி. இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நோம்பிக்குக் கிடா வெட்டினால் எனக்குத்தான் முதல் பங்கு அனுப்புவார், உங்களைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். ஆனால் அதற்குப் பிறகு சர்க்கார் கச்சேரியிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் என் வீட்டைத் தாண்டி, சந்துக் கடைசியில் இருக்கும் வாத்தியாரிடம் கொண்டுபோனார். அந்த வாத்தியார் மூக்கால் இழுத்து இழுத்துப் படிப்பார். அவர் மேலும் எனக்குக் காய்ச்சல் வந்தது.

துப்பாக்கி ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த மறுநாள், தோட்டத்துக்குப் போகிறேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு மேற்கே பகவதி கோவிலுக்குப் போனேன். அங்கே வெடி வழிபாடு உண்டு. பேரும் நட்சத்திரமும் சொன்னால் உங்கள் பேரில் ஒரு வெடி வைப்பார்கள். மத்தியான வெயிலில் யாருமே இல்லை. அண்ணன் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். வெடிக்காரர் இரும்புக் குழாயில் மருந்தை இடித்துவிட்டு, அந்தப் பேரை ஊருக்கே கேட்கிற மாதிரி உரக்கக் கூவினார். அப்போதும், கண்ணுகளா, இதையும் எழுதிவிடுகிறேன், என் பேரை யாரும் இப்படி ஒருநாளும் கூவியதில்லையே என்று ஒரு நொடி நெஞ்சில் சுருக்கென்றது.

அவர் திரி வைத்துவிட்டு, "செவி பொத்திக்கோ" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். மலையாளம் எனக்குப் புரிந்தது. நான் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன்.